விழுவது பாதுகாப்பு ஆகாது

கயாக்கில் மீன்பிடிக்கிறவர்களிடையே ஒரு விதி வேதவாக்காகவே நிலைத்துவிட்டது: திறந்த மேல்தளத்தில் உட்கார்ந்து ஓட்டும் சிட்-ஆன்-டாப் கயாக்கில் தொடைப்பட்டை மாட்டாதே. கலிபோர்னியாவின் லா ஹோயா கரையிலிருந்து யெல்லோடெயில் மீன் தேடிப் போகிறவரானாலும் சரி, வேல்ஸ் கடலோரத்தில் பாஸ் மீனுக்காகத் துடுப்புப் போடுகிறவரானாலும் சரி, நியூசிலாந்தில் ஸ்னாப்பர் பிடிக்கிறவரானாலும் சரி, புதிதாக வந்தவுடன் கேட்கும் அறிவுரைகளில் இதுவும் ஒன்று. காரணங்களும் தயாராக இருக்கின்றன. பட்டை உன்னைப் படகோடு கட்டிப்போடும், கவிழ்ந்தால் தலைகீழாகத் தொங்குவாய். மீன்பிடி கயாக் அகலமானது, அதற்குப் பட்டை தேவையே இல்லை. தூண்டில் நரம்பும் முள்ளும் கயிறும் கிடக்கிற இடத்தில் இன்னொரு வார் எதற்கு? எல்லாவற்றுக்கும் மேலாக, சிட்-ஆன்-டாப்பின் பெருமையே கவிழ்ந்தால் சுலபமாக விழுந்துவிடலாம், உடனே திரும்ப ஏறிக்கொள்ளலாம் என்பதுதானே?

இந்த நான்கில் கடைசிக் காரணம்தான் மற்ற மூன்றுக்கும் தாய். படகிலிருந்து எளிதாக விழ முடிவதே பாதுகாப்பு என்ற நம்பிக்கை அது. அந்த நம்பிக்கை தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். கடலில் ஒரு மீன்பிடிப்பாளருக்கு ஆபத்து தொடங்கும் இடமே அவர் படகிலிருந்து விழும் இடம்தான். விழாமல் இருக்க உதவும் கருவியைத் தூக்கி எறிந்துவிட்டு, விழுந்த பிறகு என்ன செய்யலாம் என்று மட்டும் யோசிக்கிற பழக்கம் பலரை வேண்டாத இடத்தில் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருக்கிறது.

முதலில், தொடைப்பட்டை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம். பஞ்சு வைத்துத் தைத்த, நான்கு விரல் அகலமுள்ள இரண்டு நைலான் வார்கள். ஒவ்வொன்றும் படகின் ஒரு பக்க விளிம்பில் இரண்டு கண்ணிகளில் மாட்டப்படும். முன்கண்ணி முழங்காலுக்கு முன்னால், பின்கண்ணி இடுப்புக்குப் பக்கத்தில். உட்கார்ந்தவர் பாதங்களை மிதியில் ஊன்றி, கால்களைச் சற்று மடக்கி, முழங்கால்களை வெளிப்பக்கமாக விரித்தால் தொடை பட்டைக்கு அடியில் இறுகும். அந்த நொடியிலிருந்து இடுப்பு அசைந்தால் படகு அசையும். கால்களை நீட்டி, முழங்கால்களை ஒன்றுசேர்த்தால் பட்டை தளர்ந்து தொடையிலிருந்து வழுக்கிப் போய்விடும். தொடையைச் சுற்றி எந்தப் பூட்டும் கிடையாது. கால் பிடிக்கும்வரைதான் பிடி. கால் விட்டால் படகும் விட்டுவிடும்.

கட்டிப்போடும் என்ற முதல் குற்றச்சாட்டை இந்த அமைப்பை மனதில் வைத்து எடை போட வேண்டும். காரின் சீட் பெல்ட்டைப் போல இடுப்பைச் சுற்றிப் பூட்டுகிற பொருளாகத் தொடைப்பட்டையைக் கற்பனை செய்துகொள்கிறவர்கள்தான் தலைகீழாகத் தொங்கும் படத்தை வரைகிறார்கள். உண்மையில் கவிழ்ந்த படகில் கால்களைத் தளர்த்திய மாத்திரத்தில் ஆள் இருக்கையை விட்டு விலகிவிடுகிறார். தொடைப்பட்டையோடு சிட்-ஆன்-டாப்பைக் கவிழ்த்து, துடுப்பை வீசி அப்படியே சுழன்று எழப் பயிற்சி எடுக்கிறவர்களுக்கு இருக்கும் சிக்கலே வேறு. அவர்களால் தண்ணீருக்குள் இருக்கையோடு ஒட்டி இருக்க முடிவதில்லை. அதனால்தான் அவர்களில் சிலர் தொடைப்பட்டை போதாதென்று இடுப்புப் பட்டையும் சேர்த்துக்கொள்கிறார்கள். வெளியே வர முடியாமல் போகும் என்று அஞ்சப்படும் கருவியில், உள்ளே தங்குவதற்கே பாடுபட வேண்டியிருக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் பார்க்கலாம். உள்ளே கால் நுழைத்து உட்காரும் வழக்கமான கடல் கயாக்கில், இடுப்பைச் சுற்றி நியோப்ரீன் பாவாடை ஒன்றை மாட்டி, படகின் வாயை இறுக்கமாக மூடிவிடுகிறார்கள். கவிழ்ந்தால், தலைகீழாக இருந்தபடியே முன்னால் தொங்கும் பிடியைக் கையால் தேடி இழுத்து, பாவாடையைக் கழற்றி, கால்களை உருவிக்கொண்டு வெளியே வர வேண்டும். தொடைப்பட்டையை உதறுவதைவிட இது பல படிகள் அதிகமான வேலை. ஆனாலும் பாவாடையைத் தூக்கி எறியுங்கள் என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்வதில்லை. மாறாக, கவிழ்ந்து வெளியே வருவதைத் தொடக்கப் பாடங்களிலேயே சொல்லித்தருகிறார்கள். சிறுவர்கள்கூட அதைக் கற்றுக்கொள்கிறார்கள். கடினமான கருவிக்குப் பயிற்சி, எளிதான கருவிக்குத் தடை என்பது என்ன நியாயம்? மீன்பிடி கயாக்கை மட்டும் பயிற்சி தேவைப்படாத பொருளாக விற்றுப் பழகியதன் விளைவு இது. பயிற்சி தர மனமில்லாதபோது கருவியைத் தடை செய்வதே சுலபமான வழியாகிவிடுகிறது.

சிக்கும் என்று அஞ்சுகிறவர்களின் படகை ஒருமுறை உற்றுப் பார்த்தால் இன்னொரு முரண் தெரியும். துடுப்பு மிதந்து போய்விடாமல் இருக்க ஒரு லீஷ் கயிறு. ஒவ்வொரு தூண்டில் கோலுக்கும் ஒரு லீஷ். நங்கூரத்தை முன்னும் பின்னும் நகர்த்த, விளிம்பு நெடுக ஓடும் ஒரு கயிறு. நங்கூரக் கயிறு தனி. காற்றில் படகு ஓடாமல் இருக்க நீரில் விடும் பாராசூட்டுக்கு ஒரு கயிறு. பிடித்த மீனைக் கோத்துத் தொங்கவிட ஒன்று. இவை அனைத்தும் மெல்லிய, நீளமான, தளர்வான கயிறுகள். சிக்குவதற்கு வேண்டிய எல்லாக் குணங்களும் உள்ளவை. அகலமாக, குட்டையாக, விறைப்பாக, பக்கவாட்டில் நிலையாக இருக்கும் தொடைப்பட்டை இவற்றோடு ஒப்பிட்டால் மிகக் குறைவாகச் சிக்கும் பொருள். ஆறு கயிறுகளோடு கடலுக்குப் போகிறவர் ஏழாவதைக் கண்டு மட்டும் பயப்படுகிறார் என்றால், அந்தப் பயம் ஆராய்ந்து வந்ததாக இருக்க முடியாது.

பட்டையில் சிக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. சிக்க வழியிருக்கிறது, அந்த வழிகளைப் பெயர் சொல்லிக் காட்டவும் முடியும். பட்டையை மிகத் தளர்வாக விட்டால் பாதம் முழுவதும் வளையத்துக்குள் புகுந்துவிடும். மிக இறுக்கினால் முழங்கால்களைச் சேர்த்தாலும் தொடை வழுக்கி வெளியே வராது. கோடையில் அரைக்கால் சட்டையோடு அளந்து வைத்த நீளம், குளிர்காலத்தில் தடித்த உடையும் பூட்ஸும் போட்டவருக்குப் பொருந்தாது. அழுத்தினாலே திறக்கும் வாயுள்ள கொக்கியை மாட்டினால் அது லைஃப் ஜாக்கெட்டின் வாரையோ தூண்டில் நரம்பையோ கவ்விக்கொள்ளும். இவை எல்லாமே பொருத்துவதில் நேரும் பிழைகள். திருகு ஆணி, அளவு, பழக்கம் ஆகியவற்றால் தீர்க்கக்கூடியவை. ஒரு கருவியைத் தவறாக மாட்டினால் ஆபத்து என்பது, சரியாக மாட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்கான காரணமே தவிர, மாட்டவே கூடாது என்பதற்கான காரணம் அல்ல.

இனி மூல நம்பிக்கைக்கு வருவோம். விழுந்தால் என்ன, ஏறிக்கொள்ளலாம் என்கிறார்கள். ஏறிக்கொள்ளலாம்தான். அமைதியான, வெதுவெதுப்பான ஏரியில், சாமான் ஏதுமில்லாத படகில், உடல் வலுவுள்ள ஒருவர் சில நொடிகளில் ஏறிவிடுவார். ஆனால் மீன்பிடிப்பாளர் விழும் இடம் பெரும்பாலும் அப்படிப்பட்டது இல்லை.

குளிர்ந்த நீரில் விழுந்த உடலுக்கு நேர்வதை மனிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்று எளிமையாக வகுத்துச் சொன்னார். முதல் 1 நிமிடம், மூச்சிரைப்பைக் கட்டுப்படுத்துவதற்கு. அடுத்த 10 நிமிடம், கைகால்கள் பயனுள்ள வகையில் வேலை செய்யும் காலம். அதன் பிறகு குளிரால் நினைவு தப்பும்வரை ஏறத்தாழ 1 மணி நேரம். அந்தப் பத்து நிமிடங்களுக்குள்தான் படகைப் பிடிக்க வேண்டும், நிமிர்த்த வேண்டும், ஏற வேண்டும். வசந்த காலத்தில் பிரிட்டன் கரையோரக் கடல் பெரும்பாலும் 10 டிகிரிக்கும் குறைவாகவே இருக்கிறது. காற்றில் இதமான வெயில் அடிக்கும்போது லேசான சட்டையோடு கிளம்பிப் போகிறவர்கள் விழுவது அந்த நீரில்தான்.

அடுத்தது காற்று. ஆளை இழந்த பிளாஸ்டிக் படகு இலகுவாகிவிடும். மிதமான காற்றே போதும், உடையோடு நீந்துகிறவரைவிட வேகமாக அது ஓடிவிடும். மூன்றாவது, படகின் அகலம். நிமிர்ந்திருக்கும்போது அசையாமல் நிற்கிறதே என்று பாராட்டப்படும் அதே அகலமான அடிப்பாகம், கவிழ்ந்த பிறகும் அசையாமல்தான் நிற்கிறது. முப்பது, நாற்பது கிலோ எடையும், கட்டிவைத்த பெட்டியும் பேட்டரியும் மீன்காட்டும் கருவியும் சேர்ந்த படகை, மிதந்தபடியே ஒருவர் புரட்டிப் போடுவது சாதாரண வேலை இல்லை. புரட்டினாலும் ஏற வேண்டும். ஏறினாலும் அதே அலையில், அதே பிடிப்பற்ற இருக்கையில், முன்பைவிடக் களைத்த உடலோடு உட்கார வேண்டும். முதல்முறை விழவைத்த காரணம் எதுவும் மாறவில்லை. மறுபடியும் விழுவார்.

அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஆண்டுதோறும் வெளியிடும் பொழுதுபோக்குப் படகு விபத்துக் கணக்குகள் எல்லா வகைப் படகுகளையும் சேர்த்தவை. அவற்றில் மாறாமல் வரும் ஒரு செய்தி உண்டு. மூழ்கி இறந்தவர்களில், லைஃப் ஜாக்கெட் பற்றிய விவரம் தெரிந்தவர்களை மட்டும் எடுத்தால், ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் அதை அணிந்திருக்கவில்லை. லைஃப் ஜாக்கெட்டுக்கு ஈடு வேறெதுவும் இல்லை என்று இந்தக் கணக்கை வைத்துச் சொல்வார்கள், அது சரி. ஆனால் அந்தக் கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. நீருக்குள் போவது ஒரு சின்ன இடைஞ்சல் அல்ல, உயிர் ஊசலாடும் கட்டம். அதற்கான கடைசி அரண் லைஃப் ஜாக்கெட். முதல் அரண், படகிலேயே இருப்பது. முதல் அரணைப் பற்றிப் பேசுவதையே மீன்பிடி கயாக் உலகம் நிறுத்திவிட்டது.

அகலமான படகுக்குப் பட்டை தேவையில்லை என்ற வாதமும் இங்கேதான் உடைகிறது. 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் மாலிபு கரையில் டிம் நீமியர் அலைப்பலகையைக் குடைந்து முதல் சிட்-ஆன்-டாப்பை உருவாக்கினார். அவர் தொடங்கிய ஓஷன் கயாக் நிறுவனத்தின் ஸ்கப்பர் புரோ 66 செ.மீ. அகலம்தான். இன்றைய ஹோபி புரோ ஆங்லர் 14 ஏறத்தாழ 97 செ.மீ. அகலம். அகலம் கூடக் கூட, சலனமற்ற நீரில் எழுந்து நின்று தூண்டில் வீசலாம் என்பது உண்மை. ஆனால் அகலமான தட்டை அடிப்பாகம் எப்போதும் நீரின் மேற்பரப்புக்கு இணையாக இருக்கவே முயலும். நீர் சமமாக இருந்தால் படகும் சமமாக இருக்கும். பக்கவாட்டில் வரும் அலையின் சரிவு அடிக்குள் நுழைந்தால் படகும் அந்தச் சரிவளவுக்குச் சாய்ந்துவிடும். குறுகலான படகு அலை அடியில் கடக்கும்போது இடுப்பின் ஒரு சிறு அசைவால் நிமிர்ந்தே இருக்கும். அகலமான படகு தன் மேல் உட்கார்ந்திருப்பவரைச் சரிவின் கீழ்ப்பக்கம் தள்ளிவிடப் பார்க்கும். ஈரமான பிளாஸ்டிக் இருக்கையில் உடல் அரை அடி வழுக்கினாலே எடை விளிம்புக்குப் போய்விடும். அப்புறம் எந்த அகலமும் காப்பாற்றாது. அகலமான படகுக்கு அலையில் பிடிப்பு குறைவாகத் தேவைப்படும் என்பது கணக்கைத் தலைகீழாகப் போட்டது.

கரையோரம் உடைகிற அலையில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். கரை திரும்பும்போது பின்னால் வரும் அலை படகைத் தூக்கி, வாலைத் தள்ளி, குறுக்கே திருப்பிவிடும். இப்போது ஒரு பக்கம் நுரைத்துவரும் அலை, மறுபக்கம் கரை. இந்த நிலையில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அலையின் பக்கமாகச் சாய்ந்து, துடுப்பை நுரைமேல் ஊன்றி, கரைப்பக்க விளிம்பை உயர்த்த வேண்டும். உயர்த்தாவிட்டால் அந்த விளிம்பு நீரைக் கவ்வி, படகு கரையை நோக்கிப் புரண்டு, ஆளைத் தனக்கு முன்னால் வீசிவிடும். அதற்குப் பிறகு அவரை அடுத்த அலையோடு வந்து மோதுவது அவருடைய படகேதான். கரைக்கும் படகுக்கும் நடுவே விழாதே என்பது அலையில் இறங்கும் எல்லோருக்கும் சொல்லப்படும் பாடம்.

விளிம்பை எதைக் கொண்டு உயர்த்துவது? கரைப்பக்க முழங்காலால். முழங்கால் மேலே இழுக்க வேண்டுமென்றால் அதற்கு மேலே ஏதாவது இருக்க வேண்டும். சிட்-இன் கயாக்கில் மேல்தளம் இருக்கிறது, அதன் அடியில் தொடைத் தாங்கி இருக்கிறது. சிட்-ஆன்-டாப்பில் முழங்காலுக்கு மேலே வானம்தான் இருக்கிறது. பட்டை இல்லாதவர் தன் எடையால் ஒரு பக்கத்தை அமுக்கலாம், அவ்வளவே. எதிர்ப்பக்கத்தை இழுத்து உயர்த்த அவருக்கு வழியே இல்லை. தொடைப்பட்டை தருவது இந்த ஒரு செயலைத்தான். இந்த ஒரு செயல்தான் உடையும் அலையில் ஒருவரைப் படகின் மேல் வைத்திருக்கிறது. லா ஹோயாவிலும் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் கரையிலும் அலையைத் தாண்டித்தான் மீனிடம் போக வேண்டும், அலையைத் தாண்டித்தான் மீனோடு திரும்ப வேண்டும். அப்படிப்பட்ட கரைகளில் பட்டை வேண்டாம் என்று சொல்கிறவர், படகைச் சாய்க்கும் கலையையே வேண்டாம் என்று சொல்கிறார்.

இங்கே எதிர்த்தரப்பின் மிக வலுவான கேள்வி ஒன்று வரும். சர்ஃப்ஸ்கி என்னும் திறந்த பந்தயப் படகை ஓட்டுகிறவர்கள் ஹவாயில் மொலோகாய் தீவிலிருந்து ஓவாஹு வரை ஏறத்தாழ 51 கி.மீ. திறந்த கடலில் பந்தயம் போகிறார்களே, அவர்கள் தொடைப்பட்டையா மாட்டுகிறார்கள்? மாட்டுவதில்லைதான். ஆனால் அவர்களுடைய இருக்கையைப் பாருங்கள். இடுப்புக்கென்றே அளவெடுத்ததுபோல் இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் ஆழமான குழி. பாதத்துக்கு மேலே குறுக்காக ஒரு பட்டை, பாதம் அதன் அடியில் இறுகியிருக்கும். படகின் அகலம் 45 செ.மீ. அளவே. அவர்கள் படகோடு உடலைப் பிணைத்திருக்கும் விதம் வேறு, பிணைத்திருப்பது உண்மை. அலையில் குட்டிக்கரணம் போடும் வேவ்ஸ்கிக்காரர்கள் இடுப்பில் பெல்ட்டும் பாதத்தில் பட்டையும் மாட்டுகிறார்கள். 1980களில் வட கலிபோர்னியாவில் எரிக் சோர்ஸும் ஜிம் ககுக்கும் தொடங்கிய சுனாமி ரேஞ்சர்ஸ் குழுவினர், பாறைகளுக்கு நடுவே அலை உடையும் இடங்களில் திறந்த மேல்தளப் படகுகளை ஓட்டினார்கள். ஒரே இழுப்பில் கழன்றுவிடும் இடுப்புப் பட்டையோடுதான் ஓட்டினார்கள். ஆற்றின் வெள்ளப்பாய்ச்சலுக்கென்று வந்த டொரன்ட் போன்ற சிட்-ஆன்-டாப்களின் வழக்கமான துணைக்கருவி தொடைப்பட்டையே. திறந்த படகைக் கொந்தளிக்கும் நீரில் ஓட்டிய ஒவ்வொரு குழுவும், தனித்தனியாக, ஏதோ ஒரு பிடிப்பைத் தேடிப் போயிருக்கிறது. மீன்பிடிப்பாளர்கள் மட்டும் விதிவிலக்கு. அவர்கள் போகும் கடலில் அலை குறைவு என்பதால் வந்த விதிவிலக்கு அல்ல அது.

மீன்பிடிப்பும் பிடிப்பும் ஒத்துப்போகாது என்று சொல்கிறவர்களுக்கு, கயாக் பிறந்த இடமே பதில் சொல்கிறது. கிரீன்லாந்தின் இனுயிட் வேட்டையாளர்கள் கயாக்கைப் பொழுதுபோக்குக்காகச் செய்யவில்லை. சீல் வேட்டைக்காகச் செய்தார்கள். அந்தப் படகில் தொடைகளுக்கு மேலே குறுக்காக வளைந்த ஒரு மரச்சட்டம் உண்டு, அதன் பெயர் மசிக். தொடைகளை அதன் அடியில் அழுத்தித்தான் வேட்டையாளர் படகைத் தன் இடுப்போடு இயக்கினார். மேலே தூயிலிக் என்னும் தோல் அங்கி, படகின் வாய்வளையத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டது. அவருக்கு முன்னால் மேல்தளத்தில் ஈட்டிக் கயிறு சுருண்டு கிடந்தது. அந்தக் கயிற்றின் மறுமுனையில் போராடுகிற சீல் பெரும்பாலான தூண்டில் மீன்களைவிடப் பெரியது. கயிறு சிக்கினால் உயிர் போகும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும், உயிர்கள் போகவும் செய்தன. அதற்காக அவர்கள் மசிக்கை எடுத்துப் போடவில்லை. கவிழ்ந்தால் எழப் பல விதமான முறைகளை உருவாக்கினார்கள். துடுப்பு இல்லாமல், கையை மட்டும் வைத்து, இரு கைகளையும் மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு எழும் முறைகள் கூட இன்றும் கிரீன்லாந்துப் போட்டிகளில் இடம்பெறுகின்றன. கயிறும் பிடிப்பும் ஒரே படகில் இருக்க முடியுமா என்ற கேள்விக்கு, அதை வாழ்வாகக் கொண்டிருந்தவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விடை கண்டுவிட்டார்கள்.

தமிழ் வாசகர் கட்டுமரத்தை நினைத்துக்கொள்வார். சோழமண்டலக் கரையின் கட்டுமரமும் மூடாத, நீர் உள்ளே தங்காத கலம்தான். அதில் போகிறவர்கள் எதையும் மாட்டிக்கொள்ளாமல்தானே அலையைத் தாண்டுகிறார்கள்? உண்மை. ஆனால் அவர்கள் இருக்கையில் கால்நீட்டி உட்கார்ந்திருப்பதில்லை. மண்டியிட்டோ குந்தியோ, உடம்பு முழுவதையும் நொடிக்கு நொடி நகர்த்திக்கொண்டே போகிறார்கள். பெரும்பாலும் ஒருவருக்கு மேல் இருப்பார்கள். கனமான மரங்கள் நீரோடு நீராக மிதப்பதால் காற்று அதை எளிதில் பறித்துக்கொண்டு போகாது. நீர் குளிராது. அலையின் குணத்தை அந்தக் கரையிலேயே பிறந்து கற்றவர்கள் அவர்கள். இவற்றில் ஒன்றுகூட வார இறுதியில் வேல்ஸ் கடலில் தனியாக இறங்குகிற ஒருவருக்குப் பொருந்தாது. அவர்களுக்குத் தேவைப்படவில்லை என்பது இவருக்குத் தேவையில்லை என்பதற்குச் சான்று ஆகாது.

எங்கும் எப்போதும் மாட்டு என்பது என் வாதம் இல்லை. மிதித்து ஓட்டும் படகில் கால்கள் சுழல வேண்டும், அங்கே தொடைப்பட்டைக்கு இடமில்லை. உயரமான சட்டம் வைத்த நாற்காலி உள்ள படகில் பட்டை மாட்டினாலும் இடுப்பு படகை இயக்காது. எழுந்து நின்று தூண்டில் வீசுகிற குளத்தில் அது வீண் பாரம். நான் பேசுவது துடுப்புப் போட்டு, தாழ்வான இருக்கையில் அமர்ந்து, கடலுக்குள் போய்த் திரும்புகிறவர்களைப் பற்றி.

அவர்களும் நாள் முழுவதும் அதற்குள் காலை வைத்திருக்க வேண்டியதில்லை. அலையைத் தாண்டிப் போகும்போது மாட்டிக்கொள்ளுங்கள். கொந்தளிப்பில் நெடுந்தூரம் துடுப்புப் போடும்போது மாட்டிக்கொள்ளுங்கள். மீன் பிடிக்கும் இடத்தில் நின்றதும் கால்களை வெளியே எடுத்து, பட்டைகளைப் பக்கவாட்டில் ஒதுக்கிவிடுங்கள். நரம்பு நீரில் இருக்கும்போது, மீனைப் படகுக்குள் எடுக்கும்போது, நங்கூரம் போட்டிருக்கும்போது கால் சுதந்திரமாக இருக்கட்டும். கரை திரும்பும்முன் தூண்டில் கோல்களைப் படுக்கவைத்து, முள்களைக் கழற்றி, கயிறுகளைச் சுருட்டிப் பெட்டியில் வைத்து, அதன் பிறகு மாட்டுங்கள். முழங்கால் ஆழத்தில் கால்களை உருவிக்கொண்டு, படகின் கடல் பக்கமாக இறங்குங்கள். நரம்போடு சிக்கிக்கொள்ளும் என்ற மூன்றாவது அச்சத்துக்கு இந்த வரிசையே முழுப் பதில். நரம்பும் பட்டையும் ஒரே நேரத்தில் வேலையில் இருப்பதே இல்லை.

பொருத்துவதிலும் கவனம் வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக்கில் வெறும் சாதாரண ரிவெட்டால் அறைந்த கண்ணி, சரியாக வேண்டிய நொடியில் பிய்ந்துகொண்டு வரும். உள்ளே கை போகும் இடத்தில் துருப்பிடிக்காத எஃகுப் போல்ட்டும் அகலமான வாஷரும் வைத்து முறுக்க வேண்டும். போகாத இடத்தில், உள்ளே விரிந்து பிடித்துக்கொள்ளும் ரப்பர் நட்டைப் பயன்படுத்தலாம். கொக்கி மூடிய வாயுள்ளதாக இருக்கட்டும். குளிர்கால உடையோடு உட்கார்ந்து நீளத்தைச் சரிசெய்யுங்கள். பிறகு, இடுப்பளவு வெதுவெதுப்பான நீரில், பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு, வேண்டுமென்றே கவிழுங்கள். கால்களைச் சேர்த்து நீட்டி வெளியே வாருங்கள். யோசிக்காமல் கால் தானாகச் சேரும்வரை செய்யுங்கள். திரும்ப ஏறும்போது எதிர்ப்பக்கத்துப் பட்டையை எட்டிப் பிடித்து உடலை இழுத்துப் பாருங்கள். ஏறுவதற்கும் அது கைப்பிடியாக உதவுவதைக் காண்பீர்கள்.

படகு செய்கிறவர்களுக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. தொடைப்பட்டைக்கான கண்ணிகள் வர வேண்டிய விளிம்பை, இன்றைய பல மாதிரிகளில் துணைக்கருவிகளை நகர்த்தி மாட்டும் தண்டவாளங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. வாங்குபவர் கேட்பதைத்தான் அவர்கள் தருகிறார்கள். கேட்கவே கூடாதென்று வாங்குபவருக்குச் சொல்லிவைத்திருப்பது நாம். கடலுக்கென்று விற்கும் துடுப்புப் படகு ஒவ்வொன்றிலும் நான்கு உறுதியான கண்ணிகள் இருக்க வேண்டும் என்று கேட்கத் தொடங்க வேண்டும்.

புதிதாக வருகிறவருக்குச் சொல்லும் முதல் பாடமும் மாற வேண்டும். விழுந்தால் ஏறிக்கொள்ளலாம் என்று தொடங்காமல், விழாமல் இருப்பது எப்படி என்று தொடங்கட்டும். இடுப்பை அசைப்பது, விளிம்பை உயர்த்துவது, அலைப்பக்கம் சாய்வது, துடுப்பை ஊன்றுவது, அதன் பிறகு வெளியே வருவது, அதன் பிறகு திரும்ப ஏறுவது. இந்த வரிசையில் முதல் இரண்டு பாடங்களுக்கும் தொடைப்பட்டை இல்லாமல் முழுப் பொருள் கிடையாது. இவற்றையெல்லாம் கற்று, தன் படகையும் தன் கடலையும் எடை போட்டு, எனக்கு வேண்டாம் என்று ஒருவர் முடிவெடுத்தால் அது மதிக்கத்தக்க முடிவு. ஒருமுறைகூட அதற்குள் காலை வைத்துப் பார்க்காமல் அடுத்தவருக்கு வேண்டாம் என்று சொல்கிறவருக்கு அந்த மதிப்பு உரியதல்ல.